பதறாமல் வந்தவன்

அன்புள்ள அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து விஜிதரன். நான் நலம். உங்கள் உடம்பு எப்படி? போனில் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்றே சொல்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கடை முதலாளி சொல்லி, மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். முடிந்துபோன காரியங்கள் இரண்டு இருந்தால், முந்தி முடிந்ததற்கு ‘ஹேட்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமாம். றிப்கா டீச்சர் உதாரணம் கேட்டார். மற்றவர்கள் ரயிலைத் தவறவிட்டதாக எழுதினார்கள். நான், “வீட்டுக்கு நான் போய்ச் சேருமுன்பே அப்பாவை அடக்கம் செய்திருந்தார்கள்” என்று எழுதினேன்.

“வெரி குட்! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க” என்றார் டீச்சர். வகுப்பே உரக்கச் சொன்னது. அடக்கத்திற்குப் பிறகு இத்தனை பேர் கூடி அப்பாவை நினைத்தது இதுதான் முதல் தடவை.

அப்பா போன அன்று மாமா போனில், “அப்பாவுக்கு லேசா சொகமில்ல, பதறாம வாப்பா” என்றார். நம் தேயிலைத் தோட்டத்தில் சாவை அப்படித்தான் சொல்லியனுப்புவார்கள். தெரிந்திருந்தும் நம்பினேன். பதறாமல்தான் வந்தேன். வழியில் கினிகத்தேனையில் இறங்கி அப்பாவுக்கு ரம்புட்டான் பழம் வாங்கினேன். அடுத்த பஸ் வரத் தாமதமானது. அதற்குள் மழைக்குப் பயந்து தூக்கிவிட்டீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை.

என் பழைய சுவெட்டரை எடுத்து வையுங்கள். கடையில் ஏசி குளிர்கிறது. நேற்று தங்கச்சி பேசும்போது, உங்களுக்கு “லேசா இருமல்” என்றாள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. சனிக்கிழமை புறப்படுகிறேன் அம்மா. வழியில் எங்கும் இறங்க மாட்டேன்.

உங்கள் மகன்,
விஜிதரன்