படிப்பு என்ற இடத்தில்

மார்ச் 3
துபாயில் ஸ்ரீஹரி கோடவுன் பரணிலிருந்து விழுந்துவிட்டான். இடுப்பெலும்பு. அவன் சொல்லவில்லை; அறையில் கூட இருக்கும் கரீமுல்லாதான் போன் பண்ணினார். ஆபரேஷன் முடிந்ததாம், இரண்டு மாதம் படுக்கையாம். பெற்றவள் நான் போக வேண்டாமா? பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவேன்? சைதாப்பேட்டை வீடு, தி.நகர் தையல் கடை. இதைத் தாண்டி எங்கே போயிருக்கிறேன்?

மார்ச் 5
அவனே கூப்பிட்டான். நாலு வருஷத்தில் முதல் தடவை. படுத்தபடியே போனில் என் விண்ணப்பத்தை நிரப்புகிறானாம்.

"உன் டென்த் மார்க்‌ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பும்மா. இல்லேன்னா பத்தாவது பாஸ் இல்லேன்னு, என் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி எமிக்ரேஷன் செக்னு ஒரு வரி அடிச்சிடுவாங்க. ஏர்போர்ட்ல என்னைத் தனியா நிக்க வெச்சு அவ்ளோ கேள்வி கேட்டாங்க. உனக்கு அது வேணாம்."

வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். வாய் கூசவில்லை.

மார்ச் 6
நகல் வாங்கலாமாம். பரீட்சை நம்பர் கேட்கிறான்.

மார்ச் 9
ரவிக்கைத் துணியை இரண்டு தடவை தப்பாக வெட்டினேன். என் வீட்டுக்காரர் முறைத்தார்.

நான் பத்தாவது பெயில். பெண் பார்க்க வந்தபோது அப்பா பாஸ் என்று சொன்னார். அதையே பிடித்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? எட்டு வருஷம் முன்பு அவன் பெயிலானபோது, பக்கத்து வீட்டு சகினா பார்க்க விளக்குமாற்றால் அடித்தேன். "நாலு மைல் நடந்துபோயி ஒரே தடவைல பாஸ் பண்ணவ நான். உனக்கு என்னடா கேடு, தண்டம்" — சீ. அப்புறம் அவன் பரீட்சைக்கே உட்காரவில்லை. யாரால்? என்னாலதான்.

மார்ச் 10
வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டேன். பெயில்டா. வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மார்ச் 13
இல்லை.

மார்ச் 14
நிரப்பிய விண்ணப்பம் மட்டும் வந்தது. படிப்பு என்ற இடத்தில் 'எட்டு முதல் ஒன்பது வரை'.

மார்ச் 21
பாஸ்போர்ட் ஆபீஸ். கவுண்டர் பெண் படிப்பு கேட்டாள். பத்தாவது பெயில் என்று சத்தமாகவே சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதற்கா இருபத்தாறு வருஷம் பயந்தேன்?

ஏப்ரல் 4
பாஸ்போர்ட் வந்தது. கருநீல அட்டை, தங்க நிறத்தில் சிங்கங்கள். உள்ளே அந்த வரி. போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவன் பாஸ்போர்ட் பக்கம் வந்தது. அதே வரி. பிறகு கூப்பிட்டான்.

"எந்தப் பாடம்மா?"

"கணக்கு."

"எனக்கு இருபத்தொன்பது. உனக்கு?"

பதினொன்று என்றேன்.

போனில் ஏதோ சத்தம். அழுகிறானா, சிரிக்கிறானா, தெரியவில்லை. நான் அழுதேன்.

"கிளம்பி வாம்மா," என்றான். "ஏர்போர்ட்ல இன்னா கேப்பாங்க, இன்னா சொல்லணும்னு நான் சொல்லித்தரேன்."