இருபது நிமிடக் கணினி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மூவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, அத்தை நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை வருகிறார், நான் எப்போதும்போல். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், போன வாரம் உனக்குத் தொண்டை கட்டியிருந்தது குரலிலேயே தெரிந்தது, நீ இல்லவே இல்லை என்று சாதித்தாலும். கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்துப் பதறாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. உனக்கு மின்னஞ்சல் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன், நான்கு முறையும் பாதியில் கணினி அணைந்து தானாகவே மறுபடி எழுந்துகொண்டது, கடைசி முறை "அன்புள்ள" என்பதைக்கூடத் தாண்டவில்லை. பேனா அப்படியெல்லாம் செய்யாது என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

இந்தக் கூத்து தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. முன்கூட்டி ஒன்றும் சொல்லாது, தட்டிக்கொண்டே இருப்பேன், திரை கறுத்துவிடும், இரண்டு விநாடி அசைவில்லாமல் கிடக்கும், பிறகு எதுவுமே நடக்காததுபோல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழுந்ததும் "உங்கள் கணினி எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது" என்று ஒரு வாசகம் காட்டும். ஒரு நாளைக்கு ஆறேழு முறை நடப்பதை எதிர்பாராதது என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. உன் அப்பா வைரஸ் என்றார். அவருக்கு எல்லாமே வைரஸ்தான், டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் வைரஸ், தாழ்ப்பாள் இறுகினாலும் வைரஸ். சரி என்று வைரஸைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டேன், அது பாதி தேடுவதற்குள் கணினி படுத்துவிட்டது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்றாள். அதைத்தானம்மா அதுவே பண்ணுது என்றேன். உடனே இசையைப் போட்டுவிட்டாள்.

தெருமுனை ரிப்பேர்காரர், அப்பா அழிரப்பர் என்று பெயர் வைத்தாரே, அவர் இரண்டு முறை வந்தார். இன்னமும் அந்தப் பள்ளிக்கூட ரப்பர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பெட்டியை மேசை அலமாரியிலிருந்து உருவிக் கூடத்துத் தரையில் வைத்துத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பட்டையை எடுத்து அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திருப்பிச் செருகினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார், கணினி சமர்த்தாக ஓடியது. "தங்கமா ஓடுது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைத் திருப்பி மேசைக்குள் வைத்தேன், மறுநாள் இருபதாவது நிமிடம் தங்கம் அணைந்தது. இரண்டாவது முறை கடைக்கே தூக்கிக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்து, ஏதோ நான் பொய்ப் புகார் கொடுத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு கொண்டுவந்தார். "எங்கிட்ட மூணு நாளும் நிக்காம ஓடிச்சுங்க. கோளாறு பெட்டியில இல்ல, உங்க வீட்லதான்" என்றார். உள்ளறையிலிருந்து அத்தை, "எங்க வீட்ல என்ன கோளாற நீ கண்டுட்ட?" என்று ஒரு குரல் கொடுத்தார். கரண்ட்டைச் சொன்னேன் அம்மா என்று மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

இதற்கா இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். மெய்ப்புத் திருத்துகிற வேலையைத் தாளிலேயே செய்து கொடுத்துவிடலாம், இருபது வருடமாகப் பாதி அப்படித்தான் நடக்கிறது. விஷயம் வேறு, இதுவரை உன்னிடமும் சொல்லவில்லை. எனக்கு மெய்ப்பு அனுப்புகிற பாடநூல் நிறுவனத்தில் அறிவியல் புத்தகங்களைப் புதிதாக எழுத ஒரு குழு அமைக்கிறார்கள். திருத்த அல்ல, எழுத. இரண்டு வருடம், அங்கேயே தங்க வேண்டும், ரயிலில் ஒன்பது மணி நேரம். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு நாற்பத்தொன்பது என்பதால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான், எட்டுப் பக்கம், ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும், நடுவில் அறுந்தால் முதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். கைபேசியில் அந்தப் படிவம் திறக்கவே மறுக்கிறது. இருபது நிமிடத்தில் ஐந்தாவது பக்கம் வரைதான் போக முடிகிறது, "இடைப்பட்ட காலத்தில் பணியில் இல்லாததற்கான காரணம்" என்று கேட்கிற பக்கம் அது. என் பிறந்த தேதியை இந்த ஒன்றரை மாதத்தில் முப்பத்தொரு முறை தட்டியிருக்கிறேன், தட்டத் தட்ட வயது ஏறுவதுபோல் இருக்கிறது. வெளியே ஒரு மையத்துக்குப் போய்ச் செய்யலாமே என்று தோன்றும் உனக்கு. அத்தை இடுப்பெலும்பு முறிந்து நம் வீட்டுக்கு வந்த இந்த ஏழு மாதத்தில் நான் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததில்லை. அப்பா வீட்டில்தான் இருக்கிறார், வேலை போனதிலிருந்து முழு நேரமும் இருக்கிறார், ஆனால் குளியலறைக்குப் போகத் தம்பியைக் கூப்பிட அத்தைக்கு நாக்கு வராது, அடக்கிக்கொண்டு கிடப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த இடத்தில் நானும் கூப்பிட மாட்டேன். அப்பாவிடமும் இந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் தடுக்க மாட்டார், அதுதான் சங்கடம். "போயேன், நாங்க பாத்துக்கறோம்" என்பார், அடுத்த நிமிடமே உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பார்.

அத்தை மதியம் தூங்குகிற இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கிடைப்பது. ரிப்பேர்காரர் கோளாறு வீட்டில் என்று சொன்னது கோபமாக இருந்தாலும் யோசிக்க வைத்தது, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு அணைந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம், பத்தொன்பது, இருபத்தொன்று, காலையில் போட்டால் முப்பது வரை தாங்கியது. ஒன்றரை மாதத்துக்கு முன் என்னவெல்லாம் மாறியது என்றும் ஒரு பட்டியல் எழுதினேன், புது விசைப்பலகை, புது எக்ஸ்டென்ஷன் பலகை, அப்பா ஏற்றிய சீட்டாட்டம், ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேடிக்கை மட்டும் கண்ணில் பட்டது, அப்பா சாயங்காலம் இரண்டு மணி நேரம் சீட்டாடுகிறார், அப்போது ஒரு முறைகூட அணைவதில்லை. அவரிடம் சொன்னேன். "அதுக்கு ஆளு தெரியுது, உன்னக் கண்டா பரீட்ச வைக்கிற டீச்சர் வந்த மாதிரி மயக்கம் போட்டுடுது" என்றார். அவ்வளவோடு நின்றிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. கூடவே, "ஆனா ஒண்ணு, நீ எந்திரிச்ச ஒடனே நான் ஒக்காந்தா கால் வைக்க முடியல, சுடுது" என்றார். மேசைக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்துபோட்டு, பெட்டியின் மேல் இரண்டு குதிகாலையும் வைத்துக்கொண்டுதான் அவர் சீட்டாடுவாராம், வெதுவெதுப்பாக இருக்குமாம். மறுநாள் அணைந்த கையோடு குனிந்து கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி கொதித்தது. நான்தான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்ததும் அந்த அலமாரிக் கதவைச் சாத்திவிடுவேன். அது மட்டுமில்லை, பின்பக்கம் கம்பிகள் போகிற ஓட்டையில் ஒரு பழைய துண்டை வேறு சுருட்டி அடைத்திருந்தேன். அந்த மின்விசிறிக்குக் கரகரவென்று ஒரு சத்தம் உண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் கட்டில், சத்தம் கேட்டால் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று இந்த வீட்டுக்கு அர்த்தம், உடனே யாருக்காவது தண்ணீர் வேண்டும், யாருக்காவது கண்ணாடியைக் காணோம். விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த முதல் நாள்தான் துண்டை அடைத்தேன். பட்டியலில் எல்லாம் எழுதினேன், அதை எழுதவில்லை. நானே செய்ததை ஒரு மாற்றமாக நான் எண்ணவே இல்லை. இதில் சிரிக்க வேண்டிய பகுதி என்னவென்றால், அந்த நேரத்தில் மேசைமேல் விரித்துக்கிடந்தது எட்டாம் வகுப்பு மெய்ப்பு, "வெப்பம் பரவும் முறைகள்", காற்றோட்டம் இல்லாத இடத்தில் வெப்பம் தேங்கும் என்ற வரியில் ஒரு ஒற்றுப் பிழையைச் சுழித்து வைத்திருந்தேன். இயற்பியலில் முதுகலை வாங்கினவள் நான். நீ சிரித்துக்கொள், பரவாயில்லை, நான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

நேற்று மதியம் துண்டை உருவினேன், கதவை அகலத் திறந்தேன், பெட்டிக்குள் இருந்த தூசியைத் தூரிகையால் தட்டினேன், போட்டேன். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அப்பா எட்டிப் பார்த்து இதென்ன ரைஸ் மில்லா என்றார், அதுக்குக் காத்து வேணுமாம் என்றேன், "அப்ப தெறந்தே வையேன், யாரு வேணாம்னா, சத்தம்தானே" என்றார். அத்தையும் முழித்துக்கொண்டு என்னடா சத்தம் என்று கேட்க, அப்பா சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்லக்கா, இவ ஏரோப்ளேன் ஓட்டுறா" என்றார். "ஓட்டட்டும் ஓட்டட்டும், சாப்பாட்டு நேரத்துக்கு எறங்கிடச் சொல்லு" என்றார் அத்தை. இருவரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், உள்ளே ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்கள் இல்லை. நானும் சிரித்தேன்.

இருபது நிமிடம் ஆயிற்று, அணையவில்லை. நாற்பது ஆயிற்று, அணையவில்லை. ஐந்தாவது பக்கத்தில் காரணம் என்ற கட்டத்தில் "குடும்பம்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுத் தாண்டினேன். ஆறு, ஏழு. எட்டாவது பக்கத்தை நேற்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன், அதில் அதிகம் ஒன்றும் இல்லை, எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்று ஒரு கட்டம், அதன் கீழே அனுப்புவதற்கான பொத்தான். அடுத்த மாதம் பதினைந்து என்று போட்டேன். மருத்துவர் அத்தைக்கு இன்னும் மூன்று மாதம் சொல்லியிருக்கிறார், அழித்தேன். மூன்று மாதம் தள்ளிப் போட்டேன். அப்பா பாலைக் காய்ச்சும்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும், அது எத்தனை மாதமோ, அதையும் அழித்தேன். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன், கணினி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது அணைந்தபோதெல்லாம் எரிச்சல் மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தேன், கூடவே ஒரு சின்ன நிம்மதியும் வந்திருக்கிறது என்பது நேற்றுதான் தெரிந்தது. இப்போது அந்த வசதியும் போயிற்று. அந்தப் பக்கத்தை மூடவில்லை, அனுப்பவும் இல்லை, இரவு முழுக்க ஓடவிட்டு இதோ காலையிலும் பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இதை எழுதுகிற நேரம் முழுக்க அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்னிடம் யோசனை கேட்பதாக எண்ணாதே. நாளை மறுநாள் கடைசித் தேதி, இது உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், கணக்குப் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று நீ ஆரம்பிப்பாய், அது வேண்டாம். நான் வெளியே போவதற்காக நீ உள்ளே வந்தால், இருபது வருடம் கழித்து உன் பிறந்த தேதியை நீ இதே மேசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாய். உன் வேலையைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, அந்தத் தொண்டையை மருத்துவரிடம் காட்டு, ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு தூங்காதே.

நல்லது எல்லாம் உனக்கு நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதுமா என்று தெரியவில்லை, நடப்பது எதுவானாலும் அதை நீயே தேர்ந்ததாக இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொள். அப்பாவும் அத்தையும் தங்கள் ஆசியைச் சொல்லச் சொன்னார்கள், கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். மறக்காமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அத்தைக்கும் கேட்க வேண்டுமென்று அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால் இந்தப் பேச்சையே எடுக்காதே. கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேள். சரியாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். இன்னும் அப்படியேதான் அணைந்து அணைந்து எழுகிறது என்று சொன்னால், சரிம்மா என்று சொல்லிவிட்டு அத்தையின் இடுப்பைப் பற்றி விசாரி, ரிப்பேர்காரரை மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா