தவராசா என்பது குடும்பப் பெயர் அல்ல

என் ஆசை அப்பா,

நீங்கள் கண்ணை மூடியபிறகு எனக்கொரு புது வேலை கிடைத்திருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். ஜெர்மனியில், எசன் நகரத்து நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டே, அமெரிக்கத் தேர்தலில் நிற்பவர்களின் குறைகளைத் தேடுகிறேன். எங்கள் வேட்பாளரின் எதிராளி முன்பு என்ன பேசினார், எதற்கு வாக்களித்தார், எங்கே மாற்றிப் பேசினார் என்று கிண்டிக் கிளறிக் கொடுப்பதுதான் தொழில்.

இந்த முறை எதிராளி ஒரு தமிழ்ப் பெண். அவருடைய தகப்பனும் யாழ்ப்பாணம்தான். கேள்விப்பட்டதும் அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கடை பிள்ளையைத் தோற்கடிக்கவோ நீ சம்பளம் வாங்கிறாய்?”

“ஓம் அம்மா. சட்டசபையிலை வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு எதிரா வாக்குப் போட்டவ. எங்கடை ஆளெண்டு விட ஏலாது.”

போன கிழமை, குழுத் தலைவர் மார்க் துள்ளிக்கொண்டு கணினித் திரையில் வந்தார். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் வேறு, தகப்பனுடையது வேறாம். பெயரை மாற்றி எதையோ மறைக்கிறார்கள், உடனே விளம்பரம் போடலாம் என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. இங்கே அலுவலகங்களில் உங்களை அப்பப்பாவின் பெயரால் “ஹெர் கந்தையா”, திரு கந்தையா என்றுதானே கூப்பிட்டார்கள்? “என்ரை ஐயாவைக் கூப்பிடுறாங்கள், அவர் வரமாட்டார், நான் போறன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போவீர்கள். அந்தப் பகிடியை ஜெர்மன்காரருக்கு ஒருநாளாவது விளங்கப்படுத்தினீர்களா?

அமெரிக்கருக்கு நான் விளங்கப்படுத்தினேன். என் அடையாள அட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். “நான் யாழினி தவராசா. தவராசா என் அப்பாவின் சொந்தப் பெயர். அவர் பெயரோடு இருந்த கந்தையா அவருடைய அப்பா. எங்களிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். அந்தப் பெண் மோசடிக்காரி என்றால் நானும்தான். விளம்பரம் போனால் நான் வேலையை விடுகிறேன்” என்றேன்.

மார்க் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைக் கைவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இது ஒருபோதும் தெரியவராது.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். “இங்கிலிஸ் விளங்கேல்லை. அப்பான்ரை பேர் விளங்கிச்சுது” என்று என் தலையைத் தடவினார். எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான் உங்கள் பிள்ளை என்பதில்தான் அந்தப் பெருமை.

அந்தப் பெண்ணைத் தோற்கடிக்க இன்னும் பாடுபடுவேன். அவர் போட்ட வாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பேன். ஆனால் அவருடைய தகப்பன் பெயரை ஒருவரும் தொட விடமாட்டேன், அப்பா.

உங்கள் பெயரை முன்னுக்கு வைத்து எழுதும் மகள்,
தவராசா யாழினி