மூன்றாவது ஓலை

வார்டு 6, சென்னை
9-6-1988

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். இதை நானே, என் கையாலேயே எழுதுகிறேன்! எழுத்து கோணலாக இருக்கிறதா? இருக்கட்டும். போன வாரம் இரண்டிரண்டாகத் தெரிந்த உலகம் இன்று ஒன்றாகத் தெரிகிறது. காலையில் நர்ஸ் ரோஸி ஒரு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "ஒண்ணுதான் சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு!" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டில் ரோஷன் பேகம் அக்கா தூக்கம் கலைந்து திட்டினார். பூந்தமல்லிக்காரர். வாய் அப்படி.

அம்மா உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பார். மூளையில் தேங்கிய நீரை வயிற்றுக்கு இறக்க, தலையிலிருந்து கழுத்து வழியாகத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்தார்கள். முதலில் வைத்தது அடைத்துக்கொண்டு எனக்கு நினைவே போய்விட்டதாம். மறுபடி திறந்து புதுக் குழாய். டாக்டரே பயந்துவிட்டாராம். நான் பாட்டுக்குத் தூங்கினேன், அழுததெல்லாம் அம்மாதான். இன்று எதையும் பிடிக்காமல் ஜன்னல் வரை நடந்தேன், அத்தான், ஆடாமல்! இட்லி கூட இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

ஒரே ஒரு குறை. நீங்கள் ஏன் வந்து பார்க்கவில்லை? அம்பத்தூரில் எங்கள் கோயிலிலும் ஆவடியில் உங்கள் கோயிலிலும் நம் கல்யாண அறிவிப்பு ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில், இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நான் மயங்கி விழுந்ததில் மூன்றாவது நின்றுபோனது. அதையும் வாசித்தால்தானே தேதி குறிக்க முடியும்? எப்போது வாசிக்கச் சொல்லப் போகிறீர்கள்?

உங்கள்
அருள்செல்வி


ஆவடி
13-6-1988

பிரியமுள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை பாக்டரி வாசலிலேயே நின்று படித்தேன். சங்கு ஊதியது காதில் விழவில்லை. கூட வேலை செய்யும் துலுக்கானத்தைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "இன்னா மாமே, லாட்டரி வுழுந்துச்சா?" என்றான். அதற்கும் மேலே என்றேன்.

நான் வந்தேன், செல்வி. இரண்டு முறை வந்தேன். நீ கண்ணே திறக்கவில்லை. உன் கால் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு என் அம்மா விடவில்லை. உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. எங்கள் கோயிலில் ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். "கொழாய் வச்ச பொண்ணு, புள்ள பெத்துக்குமா? நாளிக்கு மறுபடியும் அடைச்சிகினா இன்னா பண்ணுவே?" என்று கேட்கிறார். அப்பா போனபின் என்னைத் தனியாக வளர்த்தவர். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

நீ முதலில் நன்றாகக் குணமாகு. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்
சத்தியராஜ்


வார்டு 6
20-6-1988

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நேற்று அம்பத்தூரில் நம் மூன்றாவது ஓலையை வாசித்துவிட்டார்கள்!

யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. போதகர் லீவு. வேதமுத்து உபதேசியார் ஆராதனை நடத்தினார். மேஜையில் நம் ஓலை கிடந்திருக்கிறது. இரண்டு வாசித்தாயிற்று, ஒன்று பாக்கி என்று பார்த்தவர், கணீரென்று படித்துவிட்டார். சபையே திரும்பி என் அண்ணனைப் பார்த்ததாம். ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குக் கைகுலுக்க, அவன் திருதிருவென்று முழித்திருக்கிறான். சாயங்காலம் உபதேசியார் வேர்த்து விறுவிறுத்து இங்கேயே வந்துவிட்டார். "எனக்கு விசயமே தெரியாதும்மா. வர்ற ஞாயித்துக்கெளம, தப்பா வாசிச்சிட்டேன்னு சொல்லிடட்டா?"

"சொல்லக் கூடாது!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "அவ சொல்றது கரீட்டு, உட்டுடு நைனா" என்று ரோஷன் பேகம் அக்கா எனக்குக் கட்சி கட்டினார்.

உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். நானும் டாக்டரைக் கேட்டேன். பிள்ளை பெறத் தடையில்லை என்றார். குழாய் அடைக்கலாம், அடைக்காமலும் இருக்கலாம், தலைவலி வாந்தி வந்தால் உடனே ஓடி வா என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். இப்படிப்பட்டவளைக் கட்ட உங்களுக்குச் சம்மதம் என்றால், வரும் ஞாயிறு உங்கள் கோயிலிலும் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள். நன்றாக அழுவேன், பிறகு எழுந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கம்பெனி வேலைக்குப் போவேன். பொறுத்துக்கொள் என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். செத்துப் பிழைத்தவளுக்குப் பொறுமை வரமாட்டேன் என்கிறது.

அருள்செல்வி


ஆவடி
27-6-1988

என் செல்விக்கு,

வாசித்தாயிற்று!

சனிக்கிழமை உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன், உனக்குக் கோபம் என்ற இடத்தையும் சேர்த்து. "நான் போதகரைப் பாக்கப் போறேம்மா" என்றேன். போனேன், சொன்னேன். நேற்று உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் நிறுத்தினார். அம்மா எழுந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டில் சோறு போடுகிறார், பேசுவதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சைக்கிளில் போகும்போது என்னையறியாமல் பாட்டு வருகிறது. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வருகிறேன்.

உன்
சத்தியராஜ்


வார்டு 6
29-6-1988

அன்புள்ள அத்தானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அத்தை இங்கேதான் இருக்கிறார்! தனியாக, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். இப்போது ரோஷன் பேகம் அக்காவோடு பேச்சு.

அவரைப் பார்த்ததும் தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டேன். எழுந்து நிற்கப் போனேன். "குந்து, குந்து" என்றார். பிறகு என் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, குழாய் போகும் வழியைக் கழுத்து வரைக்கும் மெல்லத் தடவினார்.

"வலிக்குதா?"

"இல்ல அத்த."

"தண்ணி இதுலயா எறங்குது?"

"ஆமா."

அழுதுவிட்டார். "உம்மேல எனக்கு இன்னாடி கோவம்? எனக்கு அவன் ஒருத்தன்தான் கீறான். பயந்துட்டேன்" என்றார். எனக்கும் பயம்தான் என்றேன். இரண்டு பேருமாக அழுதோம். அப்போதும் அவர் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் என் தலையில் கட்டியிருந்த துண்டை விலக்கினார். மொட்டைத் தலையையும் தையலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெட்டு எப்டி நிக்கும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணப் பொண்ணு கோயில்ல தலைக்கு வெள்ளை நெட்டு முக்காடு போடணும் இல்ல? கிளிப்பு மாட்ட முடி வேணுமே. எத்தினி மாசத்துல வளரும்னு டாக்டரைக் கேட்டியா?"

இதை அத்தை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டாமல். நாளை நீங்கள் வந்து டாக்டரைக் கேளுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள்
அருள்செல்வி