கன்னத்தில் போட்ட ஊதாக் கோடு

மேனாம்பேடு
12-11-1973

அன்பு மகள் நாகவல்லிக்கு அப்பா துலுக்கானம் சொல்ல, பூந்தமல்லி உஸ்மான் கனி பாய் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகந்தானா என்று நாலு வரி போடு. பொங்கலுக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தேன், நீ பதிலே போடவில்லை, கோபம் இருக்கும். ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்கிறேன், கேள்.

வாயில் வந்த புற்றுக்கு ஆஸ்பத்திரியில் கதிர் என்று சொல்கிற கரண்டு வைத்தபோது முதல் நாளே இடது கன்னத்தில் ஊதா மையால் சதுரமாகக் கோடு போட்டு, இதை அழிக்காதே, தண்ணீர் படக் கூடாது என்றார்கள். கோடு போனால் நோய் திரும்பிவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். வைத்தியம் முடித்து அனுப்பியபோது கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மங்கும்போதெல்லாம் உன் அம்மா ஊதாப் பென்சிலை நனைத்து அதன்மேலேயே இழுத்துவிடுவாள். ஊரே கன்னத்தைப் பார்க்கிறது என்று டீக்கடைக்குப் போவதை விட்டேன், திரும்ப வந்து காட்டச் சொன்ன ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மா தன் பிள்ளைகளை, தாத்தாகிட்ட போவாதீங்கடா, ஷாக் அடிக்கும் என்று இழுத்துக்கொண்டு போனாள். இருக்குமோ என்று எனக்கும் பட்டது. அதனால்தான் குழந்தை வேண்டாம் என்றேன்.

இந்த பாய் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துக்குக் கரண்டு வைத்துக்கொண்டவர், குடை ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போன மாதம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும், இன்னா நைனா, மாப்ளைக்கு நலங்கு வச்ச மாரி மூஞ்சில கோடு போட்டுகினு கீறே என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், அது எங்க வைக்கிறதுன்னு டாக்டருக்கு அடையாளம் நைனா, தையக்காரன் துணில சாக்பீசு இழுக்கிற மாரி, தச்சி முடிஞ்சா துவைக்க மாட்டியா, எங்கிட்டயும்தான் இருந்துச்சி, ஊட்டுக்கு வந்த அன்னிக்கே சோப்பு போட்டுட்டேன் என்றார். அப்போ நான் இன்னா கோலமா போட்டுகினு இருந்தேன் என்று உன் அம்மா அவர்மேல் பாய்ந்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் பாயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, புண் நன்றாக ஆறியிருக்கிறது, இது யாருக்கும் ஒட்டாது, சொன்ன தேதிக்கு வந்து காட்டு, வெற்றிலை புகையிலை தொடாதே, முதலில் முகத்தைக் கழுவு என்றார். குழாயடியில் பாய் பம்பு அடித்தார், கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வாய் வறள்கிறது, எங்கே போனாலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போகிறேன். காரம் ஆகாது, கூழும் மோர்ச்சோறும் இறங்குகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் கடையில் கரண்டு வைத்துக்கொண்டவர்கள் நாலைந்து பேர் கூடுகிறோம். எதை விழுங்க முடிந்தது, எங்கே வலித்தது என்று பேசுவோம். வீட்டில் சொன்னால் அழுவார்கள், அங்கே யாரும் அழுவதில்லை.

பொங்கலுக்கு வா. ரயிலில் குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, கோடு இருந்த இடம் கறுத்துப்போய் இருக்கிறது, அங்கே தாடி முளைப்பதில்லை. குழந்தையை என் இடது பக்கமாகக் கொடு, குத்தாது.

இப்படிக்கு
உன் அப்பா துலுக்கானம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)