மரகதத்தின் புதுப் பாத்திரங்கள்

கோத்தகிரி,
நவம்பர் 16, ஞாயிறு.

அன்பு மகன் பிரசாத்துக்கு,

உன் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெட்டி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் என் வீட்டுக்காரர் அம்புரோஸ் சாரும் சுகமாக இருக்கிறோம். மெல்பர்னில் நீயும் ஸ்வேதாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆராதனையிலும் வேண்டிக்கொண்டேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவாய். காகிதம் மேசைமேல் கிடந்தால் என்றைக்காவது கை போகும்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து ஒரு நாள் முழுக்க பஸ் இல்லை. போன வாரம் ஒரு காட்டெருமை நம் தெருவில் பட்டப்பகலில் நடந்து வந்து, உங்கள் வீட்டுச் செவ்வந்தியை முழுக்க மேய்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சர்ச் பக்கம் போய்விட்டது. உன் அம்மா ஜன்னலுக்குள் நின்று அதைத் திட்டிய திட்டு என் வீடு வரைக்கும் கேட்டது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் அம்மாவின் கல்யாணம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. நீ கடைசியாகப் பேசியபோது, "ஊரு சிரிக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாயாம். அதன்பிறகு மருமகள் ஸ்வேதா மட்டும் அவ்வப்போது நலம் விசாரித்து மெசேஜ் போடுகிறாளாம். மரகதம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னாள். உன்னைத் திட்டவும் நான் எழுதவில்லை. நீ எட்டாவது படிக்கும்போது உன் அப்பா போனார். அவர் இருந்த இடத்தில் இன்னொருவரை நினைத்துப் பார்ப்பது உனக்குச் சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. அவள் சொல்லமாட்டாள். தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு வராது. எனக்கு நன்றாகவே வரும்.

மாப்பிள்ளை வேலுசாமியை நீ பார்த்ததில்லை. கட்டபெட்டுப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறார். உன் அம்மா கணக்குப் பார்க்கும் ஃபேக்டரிக்குத்தான் இலை போடுகிறார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். கல்யாணப் பேச்சை முதலில் எடுத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மாதான். இலை எடைச் சீட்டு வாங்க ஜன்னலில் வந்து நின்றவரிடம், "மிச்சக் காலத்துக்கு ஒண்ணா இருந்துக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் சீட்டை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டாராம். மறுநாள் ஷேவ் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "சரிங்க" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு.

ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருவரும் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார்கள். வீட்டில் அடுப்பு மேடையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆபீஸில் ஷண்முகப்ரியா என்று ஒரு பெண் இருக்கிறாள், போன வருஷம்தான் கோயமுத்தூரில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அவள்தான் யோசனை சொன்னாள். இப்போது 'கிஃப்ட் ரிஜிஸ்ட்ரி' என்று ஒன்று உண்டாம். நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே கடையில் போய்த் தேர்ந்தெடுத்துக் குறித்து வைத்துவிடுவது. பரிசு தர நினைக்கிறவர்கள் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். "இல்லாட்டி எல்லாரும் சுவர்க் கடிகாரமாக் கொண்டு வருவாங்க மேடம். எங்க ஊட்டுல இப்ப ரூமுக்கு ஒரு நேரம் காட்டுது" என்றாளாம். மரகதம் சிரித்துவிட்டுச் சரி என்றாள். கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறாரே தங்கமணி, அவரும் ஒப்புக்கொண்டார்.

போன வாரம் நானும் கூடப் போனேன். வேலுசாமியும் வந்தார். பிரசாத், நான் உன் அம்மாவோடு எத்தனையோ கடைக்குப் போயிருக்கிறேன். உனக்கு ஸ்கூல் ஷூ வாங்க, உனக்கு இன்ஜினியரிங் காலேஜுக்குப் பெட்டி வாங்க, உனக்கு ஏர்போர்ட்டுக்கு ஜெர்கின் வாங்க. அவள் தனக்காக ஒரு பொருளைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோசைக்கல்லைத் தூக்கிப் பார்த்தாள். வடச்சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். நான்ஸ்டிக் எல்லாம் தங்கமணி எடுத்து வைக்க, "இது வேண்டாமுங்க, நமக்கு இரும்புதான்" என்றாள். குக்கர் மட்டும் பெரிய கம்பெனியுடையதாக இருக்கட்டும் என்றாள், இந்தக் குளிரில் அரிசி வேக எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத்தான் தெரியுமே. பால் காய்ச்சும் போசியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேலுசாமியிடம் நீட்டினாள். "காலைல டீ நீங்கதான போடறீங்க? கைப்பிடி உங்களுக்குத் தோதா இருக்குதானு பாருங்க" என்றாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பிடித்துப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து உன் அத்தை சுஜாதா கடைக்குள் வந்தாள். ஏதோ கரண்டி வாங்க வந்தவள், எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"ஏனுங்க அண்ணி, ஊடு நிறைய எங்கண்ணன் பேரு வெட்டுன பாத்திரம் கெடக்குது. இந்த வயசுல ஊர்க்காரங்ககிட்டக் கேட்டு வாங்கித்தான் புதுசு வெக்கோணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா திரும்பினாள். குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

"அதெல்லாம் உங்கண்ணன் ஊட்டுப் பாத்திரமுங்க. பிரசாத்துக்குச் சேரோணும். கழுவித் தொடைச்சு அப்படியே வெச்சிருக்கறேன். அதுல ஒரு கரண்டியக்கூட நான் எடுத்துட்டுப் போகமாட்டேன். இப்ப புதுசா ஒரு ஊடு வெக்கறேன், அதுக்கு வேண்டியதக் கேக்கறேன். கேக்கறதுல எனக்கு வெக்கமில்லீங்க."

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தங்கமணி பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெட்டறதுக்குப் பேரு சொல்லீட்டீங்கன்னா நல்லதுங்க. அய்யா பேரா?" என்று கேட்டார். மரகதம் வேலுசாமியைப் பார்த்தாள். அவர் சொன்னார், "அவங்க பேர வெட்டுங்க. எம்பேரு போட்ட போசி ஒண்ணு எங்க ஊட்டுல இருக்குது. அது ஒழுகுது."

நான் சிரித்துவிட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. "மரகதம்னு வெட்டுங்க" என்றாள். தங்கமணி இனிஷியல் கேட்டார். "இனிஷியல் வேண்டாமுங்க. மரகதம், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் அவளுடைய அப்பா பெயர். பிறகு வாங்கியதில் உன் அப்பா பெயர். உன் காதுகுத்துக்கு வந்ததில் உன் பெயர். இத்தனை வருஷம் சமைத்தவள் பெயர் ஒன்றிலும் இல்லை. என் வீட்டு அடுப்படியையும் போய்த் துழாவினேன். எல்லாவற்றிலும் அம்புரோஸ், அம்புரோஸ், அம்புரோஸ். சுடுதண்ணீர் போடக்கூடத் தெரியாத மனுஷனுக்கு எத்தனை பாத்திரம்! இதைச் சொன்னதற்கு சார் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சுஜாதாவைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவள் வாசல் வரைக்கும் போனாள். திரும்பிப் பார்த்து, "தையில எப்பங்க?" என்று கேட்டாள். மரகதம் தேதியைச் சொன்னாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வருவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. கரண்டி வாங்க மறந்துவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததுதான் நீ கேட்க வேண்டியது. ஷண்முகப்ரியா எல்லாவற்றையும் படம் பிடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். ஃபேக்டரி மேனேஜர் குக்கரை எடுத்துக்கொண்டார். இலை போட வருகிற சின்ன விவசாயிகள் எல்லாம் சேர்ந்து இட்லிச் சட்டியும் தோசைக்கல்லும் என்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உன் அம்மா பேங்க் பாஸ்புக்கைப் படித்துக் காட்டியிருக்கிறாள், பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போயிருக்கிறாள். உன் கூடப் படித்த டெனின் கூடலூரிலிருந்து ஃபோன் பண்ணி, டம்ளர் செட் முழுக்கத் தன்னுடையது, வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று தங்கமணியிடம் சண்டை போட்டானாம். நான் வடச்சட்டியைப் பிடித்துக்கொண்டேன். காப்பி ஃபில்டர் சாருடையது. தாமதமாகப் போனவர்கள் ஒன்றும் மிச்சமில்லை என்று வருத்தத்தோடு திரும்பினார்கள். ஊர் சிரிக்கும் என்றாயே, பிரசாத். ஊர் தோசைக்கல் வாங்கிக் கொடுத்தது.

உன்னை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் சொன்னவள் நான். நீ நன்றாகப் படித்ததும், வெளிநாடு போனதும் எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால் நேராக நின்று தன் பெயரைச் சொன்னாளே உன் அம்மா, அதைப் பார்த்தபோது வந்த பெருமை எனக்கு வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. அது முதலில் உனக்குச் சேர வேண்டியது. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எல்லாம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது, மரகதம் மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய போசியை இறக்கச் சொன்னாள். அடி கனமான எவர்சில்வர், கறிக்குழம்பு வைக்கிற அளவு. தங்கமணி, "ரெண்டு பேருக்கு இது பெருசுங்க, மிஞ்சிப் போயிரும்" என்றார். உன் அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே, "நாங்க நாலு பேருங்க" என்றாள். அதை மட்டும் பரிசுக்கு வைக்க வேண்டாம், தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். வேலுசாமி அதை யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு ஜீப் வரைக்கும் நடந்தார்.

கல்யாணம் ஜனவரி 28, புதன்கிழமை காலை, மாரியம்மன் கோயிலில். பெரிய கூட்டம் இல்லை. மத்தியானம் புது வீட்டில் சாப்பாடு.

உன் மேலும் ஸ்வேதா மேலும் ஆண்டவருடைய கை எப்போதும் இருக்கட்டும். அங்கே அப்போது கோடை என்பதால் அவளுக்கு நினைவிருக்காது, நீ எடுத்துச் சொல். தை மாதம் இங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. அவளுக்கு நல்ல கனமான ஸ்வெட்டராகப் பார்த்து எடுத்து வை.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
பெட்டி டீச்சர்