நாலு விரல் மண்ணீரல்

என் பாக்கியத்துக்கு,

என்னடி, அங்கே போயும் தூங்குமூஞ்சியாகத்தான் இருக்கிறாயா? எழுந்து உட்கார். உனக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் சேதி.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. விடுதியில் உன் கட்டிலில் இப்போது ஈப்போவிலிருந்து வந்த ஒருத்தி படுக்கிறாள். நல்ல பெண்தான், பாவம். ஆனால் தன் ஈரத் துண்டை உன் ஆணியில் மாட்டுகிறாள். அதற்காக அவளோடு மூன்று நாள் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அது யார் ஆணி என்று அவளுக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு.

உன் நினைப்பு வராத இடம் இந்த ஆஸ்பத்திரியில் ஒன்றுகூட இல்லை. நர்ஸ் பாட அறைக்குள் போனால் மூலையில் எலும்புக்கூடு தொங்குகிறது. முதல் நாள் நீ அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்களத் தொட்டாத்தான் பாஸ் பண்ண முடியுமாம்" என்றாயே! அன்றிலிருந்து அது எல்லோருக்கும் அண்ணன்தான். கூடப் படிக்கிற சீனப் பெண்கள்கூட "அண்ணே" என்றுதான் சொல்கிறார்கள். அண்ணனைத் தொட்ட தீட்டுக்கு நீ ஒவ்வொரு பாடம் முடிந்ததும் தலை முழுகினாய். தலை ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று சிஸ்டர் கேட்டபோது, சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு "மழை, சிஸ்டர்" என்று சொன்ன ஆள் நீ.

டவுனில் வளர்ந்த பெண்களுக்குப் புத்தகம் போதுமாக இருந்தது. நான் மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகள், நீ பந்திங் பக்கத்துக் கங்காணியின் மகள். நம் இங்கிலீஷ் பாதிப் பக்கத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். அதனால் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு ஒருத்தி கட்டிலில் படுக்க வேண்டும், இன்னொருத்தி புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு தேட வேண்டும்.

விலா எலும்புகளை எண்ணினோம். ஐந்தாவது விலாவுக்குக் கீழே உன் இதயம் என் உள்ளங்கையில் வந்து வந்து இடித்தது. அந்த இடி இன்னும் என் கையில் இருக்கிறது, பாக்கியம். காலையில் நோயாளிகளுக்கு நாடி பிடிக்கும்போதெல்லாம் அதைத்தான் தேடுகிறேன்.

அப்புறம் மண்ணீரலுக்கு வந்தோம். முழங்காலை மடக்கிப் படு, மூச்சை நன்றாக இழு என்று நான் சொல்ல, நீ கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாய். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்தேன். நீ மூச்சை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒன்று கெட்டியாக இறங்கி வந்து என் விரல் நுனியைத் தொட்டது. "ஏய், கெடச்சிருச்சுடி!" என்று நான் கத்தினேன். பிறகு நான் படுத்தேன், நீ தேடினாய். எனக்கும் இருந்தது. உனக்கு மூன்று விரல் அகலம், எனக்கு இரண்டு. உன்னுடையது பெரிது என்று உனக்கு எவ்வளவு பெருமை!

புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நல்ல உடம்பில் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது என்று. நான் அதைத் திக்கித் திணறி வாசித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது வெள்ளக்காரங்களுக்கு எழுதினதுலா. தொரமாருக்குச் சத கெட்டி, தட்டுப்படாது. நமக்கென்ன, எங்க லயத்துல சின்னப் புள்ளைங்ககூட வயித்தத் தொட்டுக் காட்டும்" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் தோட்டத்தில் மட்டும் என்ன? விலாவுக்குக் கீழே அந்தக் கட்டி இல்லாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லையே. அம்மாக்கள் அதன்மேல் விளக்கெண்ணெய் தடவிவிட்டுப் பால் மரக் காட்டுக்குப் போவார்கள். கையும் காலும் போல அதுவும் உடம்போடு வந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

அதோடு விட்டோமா? மாதத்துக்கொரு தடவை அளந்தோம். என் நோட்டில் இன்னும் இருக்கிறது: "பாக்கியம், நாலு விரல்." பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் சிஸ்டர் நம்மை வரிசையில் நிறுத்தி, காய்ச்சல் வராமல் இருக்கக் கொயினாத் தண்ணி கொடுத்தாரே. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் பின்னால் இருக்கும் பப்பாளி மரத்தடியில் துப்ப எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? "கசப்பு நாக்குல பட்டா நாலு நாளு சோறு எறங்காது" என்றாய். தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போதே பழகிய வித்தை என்று பெருமை வேறு. அந்த மரத்துக்கு இந்த ஜென்மத்தில் காய்ச்சலே வராது என்று சொல்லி நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? கூட நின்று துப்பினேனே, என்மேல் அதைவிடக் கோபம்.

குளிர் நடுக்கம் வந்தபோதும் நீ சிஸ்டரிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. "அடிக்கடி படுத்தா ஒடம்புக்கு ஆகாதவன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க, ராசு. வாயத் தொறக்காத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் திறக்கவில்லை. நெற்றியில் கை வைத்தாலே சுட்டது. அப்படியும் நான் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. உன்னை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாலாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்துப் பரீட்சை. பெரிய டாக்டர் என்னை ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போனார். பிரிக்பீல்ட்ஸில் இருந்து வந்த அக்கா ஒருவர், ரயில்வேக்காரர் மனைவி. வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது, மற்றபடி நல்ல வாட்டசாட்டமான உடம்பு. கல்லீரல் இருக்கும் இடத்தைக் காட்டினேன். மண்ணீரலைக் காட்டு என்றார். விலாவுக்குக் கீழே கை வைத்து, "மூச்ச இழுங்கக்கா" என்றேன். ஒன்றும் வரவில்லை. திரும்ப இழுக்கச் சொன்னேன். வரவில்லை. கடைசியில் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன், "சார், இந்த அம்மாவுக்கு மண்ணீரல் இல்லை."

என் முகத்தையும் 'நோ' என்ற சொல்லையும் வைத்தே அந்த அக்கா பதறிப்போனார். "என்ன தங்கச்சி, எனக்கு என்ன இல்லேங்கிற? பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு கல்யாணத்துக்கு நிக்குது, பயமுறுத்தாதேம்மா!"

டாக்டர் சிரிக்கவில்லை. யாருக்கெல்லாம் தொட்டுப் பார்த்திருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு, என் தோழிக்கு, எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது அப்படி வீங்கும், உடைந்துபோன ரத்தத்தையெல்லாம் அள்ளி அள்ளிப் பெருத்துப் போகும், அதைத் தொட்டவுடன் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும் என்றார். அப்புறம், "உன் தோழி எந்த வார்டில் இருக்கிறாள்?" என்று கேட்டார்.

நான் என்னவென்று சொல்வேன், பாக்கியம்? அந்த அக்காவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று விரல் நாலு விரலானபோது பூ வரைந்தவள் நான். உன் சாவு என் விரலுக்குக் கீழே வளர்ந்ததை நான்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். உனக்கு ஒரு நாளாவது சந்தேகம் வந்ததா? வந்தும் என்னிடம் மறைத்தாயா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

பரீட்சையில் தோற்றேன். இரண்டாம் தடவையும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பா கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டார். ஆறு மாதம் பேய் மாதிரி படித்தேன். புத்தகத்தின் ஒரு வரியைக்கூட, இது வெள்ளைக்காரர்களுக்கு எழுதியது என்று சொல்லித் தள்ளவில்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். முந்தாநாள், வெள்ளிக்கிழமை, அதே டாக்டர், அதே வார்டு. இந்தத் தடவை கட்டிலில் இருந்தது பந்திங்கிலிருந்து வந்த, ரப்பர் பால் வெட்டும் பெண். உன் ஊர்க்காரி. விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். வந்தது, பாக்கியம். அதே கெட்டி, அதே நாலு விரல். ஒரு நிமிஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றே தோன்றிவிட்டது. நிமிர்ந்தால் நீ சிரித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன். மலேரியா, மண்ணீரல் வீக்கம், கொயினா, ஓய்வு, இப்போதைக்கு வேலைக்கு அனுப்பக் கூடாது. அப்புறம், யாரும் கேட்காமலே, அவளிடம் திரும்பினேன்.

"அக்கா, இது எல்லாருக்கும் இருக்கறது இல்லக்கா. இது சீக்கு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போ தங்கச்சி, எங்க லயத்துல எல்லாருக்கும் இருக்கே."

"தெரியும்க்கா. எனக்கும் இருக்கு. என் கூட்டாளிக்கும் இருந்துச்சு, செத்துப் போயிட்டா. மருந்தத் துப்பாம குடிங்க."

அவள் சிரிப்பு நின்றது. "எம்புள்ளைக்கும் இருக்கேம்மா" என்றாள். பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லி டாக்டர் அங்கேயே ஆள் அனுப்பினார். அப்புறம் என் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் பாஸ், பாக்கியம்! மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லச் சொல்லி அப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பாட அறை அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். உன்னிடம் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன், இது நம் நேரமல்லவா.

இன்னும் ஒன்று இருக்கிறது. பரீட்சையில் தோற்ற நாளிலிருந்து நான் கொயினாவைத் துப்புவதில்லை. நேற்றுக் காலை படுத்து என்னுடையதைத் தொட்டுப் பார்த்தேன். நீ அளந்தபோது இரண்டு விரல். இப்போது மூச்சை முழுக்க இழுத்தால்தான் நுனியில் லேசாகப் படுகிறது. உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் உன் விரல் தேடிக் கண்டுபிடித்தது என் உடம்பில் அது ஒன்றுதானே. அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது. நேற்றுச் சிஸ்டர் கொடுத்த கொயினாவை வாயில் அடக்கிக்கொண்டு, பழைய வழக்கமாய்ப் பப்பாளி மரத்தடிக்குப் போய் நின்றேன். துப்பிவிட்டால் அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் என்று தோன்றியது. வாயெல்லாம் கசந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

விழுங்கிவிட்டேன், பாக்கியம்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் விழுங்குவேன். என் கைக்கு எட்டுகிற எந்தத் தோட்டத்துப் பிள்ளையையும் துப்ப விட மாட்டேன், இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதே, என் விலாவுக்குக் கீழே இனி உன் விரல் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

உன் பக்கத்துக் கட்டில் தங்கை,
ராசம்மா